ஐ-லீக்: ஏறவும் இறங்கவும் ஒரு களம்

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் கீரனூரில் நாளைக்கே ஒரு கால்பந்து கிளப் தொடங்கினால், அது எவ்வளவு உயரம் போகலாம்? விதிப்படி பார்த்தால் நாட்டின் உச்சி வரைக்கும். மாநிலப் போட்டிகளில் முந்தி, மாநிலச் சங்கத்தின் பரிந்துரையோடு ஐ-லீக் 3-க்குள் நுழைய வேண்டும். அங்கே முன்னணியில் முடித்தால் ஐ-லீக் 2. அதிலும் ஜெயித்தால் ஐ-லீக். அதற்கும் மேலே மிச்சம் இருப்பது இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல். மட்டும்தான். டிவியில் பலரும் பார்ப்பது அந்த உச்சியை. ஆனால் விறுவிறுப்பான கதைகள் ஒரு படி கீழே கிடக்கின்றன.

உலகில் மிகப் பெயர்பெற்ற இரண்டாம் அடுக்கு இங்கிலாந்தின் சாம்பியன்ஷிப். 24 கிளப்புகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் நேராக பிரீமியர் லீகுக்குப் போகிறார்கள். பிளே-ஆஃப் வழியாக இன்னொரு அணி சேர்ந்துகொள்கிறது. கடைசி மூன்று அணிகள் மூன்றாம் அடுக்குக்கு இறங்குகின்றன. கோப்பைக்கு வாய்ப்பே இல்லாத அணியும் கடைசி வாரம் வரை உயிரைக் கொடுத்து ஆடுவது இதனால்தான்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது. 1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. 2007-இல் அதன் இடத்துக்கு ஐ-லீக் வந்தபோது, அதுதான் நாட்டின் முதல் லீக். 2014-இல் சினிமா, கிரிக்கெட் பிரபலங்களின் பணத்தோடும் பளபளப்போடும் ஐ.எஸ்.எல். களமிறங்கியது. சில ஆண்டுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2019-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (ஏ.எஃப்.சி.) வகுத்த திட்டப்படி ஐ.எஸ்.எல். முதலிடத்துக்கு ஏறியது, ஐ-லீக் இரண்டாம் அடுக்கானது.

அந்த மாற்றத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் தமிழ்நாடு ஐ-லீக்கை வென்றிருந்தது. பெயர் சென்னை சிட்டி. சொந்த மைதானமோ கோவை நேரு ஸ்டேடியம். பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். 2018-19 சீசனின் கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால் நின்றது சென்னை சிட்டி. எதிரணி மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடமே கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால், கோவையில் டிரா செய்தாலும் கோப்பை கைநழுவிவிடும். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா அடுத்த இரண்டு கோல்களையும் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்தது. இறுதிக் கணக்கு 43-க்கு 42. மான்சி அந்த சீசனில் அடித்த கோல்கள் 21.

அதே ஆண்டு ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18-இல் இங்கே ஆடித்தான் ஐ.எஸ்.எல்.லின் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். கோப்பை வென்ற அணியில் இருந்த எட்வின் சிட்னி வான்ஸ்பாலை ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி. எடுத்துக்கொண்டது. இரண்டாம் அடுக்குக் கிளப்பின் முக்கியமான வேலையே இதுதான்: ஆளை உருவாக்கி மேலே அனுப்புவது.

ஆனால் 2021-22 சீசன் தொடங்கியபோது ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை வென்று மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. இந்த அடுக்கில் டிவி உரிமைப் பணமும் விளம்பரதாரர்களும் குறைவு. ஸ்ரீநகருக்கும் ஐஸ்வாலுக்கும் பறக்கும் செலவோ குறைவதில்லை. உரிமையாளரின் கைக்காசை நம்பியே பல கிளப்புகள் நடக்கின்றன.

இருந்தும் அதிசயங்கள் நடக்கின்றன. மிசோரத்தின் ஐஸ்வால் எஃப்.சி. 2015-16-இல் கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்து வெளியேற வேண்டியிருந்தது. கோவா கிளப்புகள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்டு, அடுத்த சீசனிலேயே சாம்பியன் ஆனது. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா 2021, 2022 என அடுத்தடுத்து பட்டம் வென்றது; 2022 மே மாதம் ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டத்தில் ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே. மோகன் பகானைக் கொல்கத்தாவிலேயே 4-2 என்று வீழ்த்தியது.

மேலே போகும் கதவு 2022-23-இல்தான் திறந்தது. முதலில் பஞ்சாப் எஃப்.சி. ஏறியது. அடுத்த ஆண்டு, 1891-இல் பிறந்த கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். 2024-25-இல் சாம்பியன் யார் என்பதை முடிவு செய்தது மைதானம் அல்ல. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணிக்கும் வாரணாசியின் இன்டர் காசி அணிக்கும் இடையிலான தகராறு லோசானில் உள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2025 ஜூலையில் இன்டர் காசிக்குப் பட்டம் கிடைத்தது.

கீழிருந்தும் வழி உண்டு. ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு 2023-இல் ஐ-லீக் 3-ஐயும், 2024-இல் ஐ-லீக் 2-ஐயும் வென்று மளமளவென ஏறியது. ஐ-லீக்கில் ஒரே சீசன் ஆடி மறுபடி இறங்கியது.

ஒரு குறை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. 2024-25 சீசன் வரை ஐ.எஸ்.எல்.லிலிருந்து ஓர் அணிகூடக் கீழே இறக்கப்படவில்லை. ஏறுபவருக்கு மட்டும் விதி, இருப்பவருக்கு விலக்கு என்றால் அது அரைகுறை ஏற்பாடுதான். தமிழ்நாட்டின் கணக்கு இன்னும் மோசம்: அந்த சீசனில் ஐ-லீக்கில் ஆடிய 12 கிளப்புகளில் தமிழ்நாட்டு கிளப் ஒன்றுகூட இல்லை.