நிக்கோலஸ் ரோரிக்

நிக்கோலஸ் ரோரிக் (1874–1947) ரஷ்யாவில் பிறந்து இந்தியாவில் மறைந்த ஓவியர், மேடை வடிவமைப்பாளர். 1913-இல் பாரிசில் அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' பாலே நடனத்துக்கு அரங்கமும் உடைகளும் வடிவமைத்தவர் இவரே. 1928 இறுதியில் இன்றைய இமாச்சலப் பிரதேசத்திலுள்ள நக்கரில் குடியேறி, இமயப் பனிமலைகளை வரைந்தார். பனி வெள்ளைதானே என்று நம் கரிசல்காட்டுப் பிள்ளைகள் தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். இவர் படங்களில் அது நீலம், ஊதா, விடியலில் இளஞ்சிவப்பு. டெம்பரா வண்ணத்தில், நுணுக்கங்களைக் குறைத்து, மலைகளை மேடைத் திரைகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்.

போர்க்காலத்திலும் கலைச்சின்னங்களையும் பள்ளிகளையும் தாக்கக்கூடாது என்னும் 'ரோரிக் ஒப்பந்தம்' 1935 ஏப்ரல் 15 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது. அந்தக் கட்டடங்கள்மேல் பறக்கவேண்டிய கொடியும் இவர் வடிவமைத்ததே: வெண்துணியில் சிவப்பு வளையம், உள்ளே மூன்று சிவப்புப் புள்ளிகள்.