புது மட்டை வாங்கும் முன் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்திருப்பீர்கள். வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன்தலைக் கறிக்கும் பெயர்போன அந்தச் சாலைக்குப் பெயர் தந்தது, ஃபேரர் பார்க்கில் முன்பு இருந்த குதிரைப் பந்தயத் திடல். அதே திடலில்தான் 1891ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கோல்ஃப் மன்றத்தினர் ஒன்பது குழிகள் அமைத்து ஆடத் தொடங்கினார்கள். இன்று இங்கு நிலம் அருமை. மரினா பே கோல்ஃப் திடலும் 2024இல் மூடப்பட்டுவிட்டது. உங்களில் பலர் கோல்ஃப் ஆடியிருந்தால், அது ரயிலில் போகும்போது திறன்பேசித் திரையில்தான் இருக்கும்.

அப்படி ஆடும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சார், பத்து வெள்ளி கொடுத்தால் இன்னும் தூரம் அடிக்கும் மட்டை கிடைக்கும். வாங்கலாமா?” இந்தக் கேள்விக்கு அறிவியல் பாடத்தில் பதில் இருக்கிறது.

மூன்று தட்டல்கள்

பல கோல்ஃப் விளையாட்டுகளில் ஓர் அளவுப்பட்டை இருக்கும். முதல் தட்டலில் முள் நகரத் தொடங்கும். இரண்டாவது தட்டல் வலிமையை முடிவு செய்யும். மூன்றாவது, பந்து நேராகப் போகுமா என்பதை முடிவு செய்யும். 1984இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘கோல்ஃப்’ விளையாட்டு இம்முறையைப் பரவலாக்கியது. அதற்கு நிரல் எழுதிய சட்டோரு இவாட்டா, 2002இல் அந்நிறுவனத்தின் தலைவரானார்.

புதிதாக ஆடுபவர்கள், முள் குறியைத் தொட்டதைப் பார்த்த பிறகு தட்டுகிறார்கள். கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைய ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முள் ஒரு வினாடியில் போகிறது என்றால், அந்த நேரத்தில் அது பட்டையில் ஐந்தில் ஒரு பங்கைக் கடந்துவிடும். ஆகவே, முள்ளைத் துரத்தாதீர்கள். தாளம் போடுவதுபோல் மனத்துக்குள் எண்ணி, அது குறிக்கு வரும் நேரத்தை முன்கூட்டியே கணித்துத் தட்டுங்கள்.

காற்றைப் பிரித்துப் பாருங்கள்

திரையின் மூலையில் உள்ள அம்புக்குறி காற்றின் வேகத்தையும் திசையையும் காட்டும். வேகம் 10 என்று இருந்தால், அந்தப் பத்தும் பந்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்று நினைக்க வேண்டாம். காற்று பந்தின் பாதைக்குச் செங்குத்தாக வீசினால்தான் முழுப் பத்தும் பக்கவாட்டில் செயல்படும். 45 பாகைச் சாய்வில் வீசினால் சுமார் 7தான். 30 பாகை என்றால் பாதி, அதாவது 5. கணிதப் பாடத்தில் நீங்கள் படிக்கும் சைன் மதிப்பு இதுவே.

பயிற்சி ஆட்டத்தில் ஒரே மட்டையால் முழு வலிமையுடன் அடித்து, காற்று பந்தை எத்தனை மீட்டர் விலக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு வேகம் 10 இருக்கும்போது 6 மீட்டர் விலகினால், 5 இருக்கும்போது 3 மீட்டர் என்று தோராயமாகக் கொண்டு குறிவைக்கலாம். பந்து உயரமாகப் போனால் காற்றில் அதிக நேரம் இருக்கும், அதிகம் விலகும். பலத்த எதிர்காற்றில் தாழ்வாகச் செல்லும் அடியே நல்லது.

45 பாகை ஏன் இல்லை?

எறிந்த பொருள் 45 பாகையில்தான் அதிக தூரம் போகும் என்று படித்திருப்பீர்கள். காற்றுத் தடை இல்லாதபோதுதான் அது சரி. மிகத் தொலைவுக்கு அடிக்கும் ‘டிரைவர்’ மட்டையின் முகச்சாய்வு ஏறத்தாழ 10 பாகைதான். மட்டை அடிக்கும்போது பந்து பின்னோக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி பந்தை மேலே தூக்கிப் பிடிக்கிறது. பந்தின் மேலுள்ள சிறு குழிகள் காற்றுத் தடையைக் குறைக்கின்றன. மணலிலிருந்து எடுக்க உதவும் மட்டையின் சாய்வோ ஏறத்தாழ 56 பாகை. பந்து உயரே எழும்பி, அருகிலேயே விழுந்து, அதிகம் உருளாமல் நிற்கும். குழிக்கு அருகில் வந்துவிட்டால் இப்படிப்பட்ட மட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

பத்துப் பந்துச் சோதனை

இனி, மாணவரின் கேள்விக்கு வருவோம். காற்றில்லாத பயிற்சித் திடலில் ஒரே மட்டை, ஒரே வலிமை, ஒரே இலக்கு வைத்துப் பத்துப் பந்து அடியுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் விலகியது என்று எழுதுங்கள்.

முதல் ஐந்தும் வலப்பக்கம் 4, 5, 5, 6, 4 மீட்டர் விலகின என்று வைத்துக்கொள்வோம். இது முறையான பிழை. வெர்னியர் அளவியின் சுழிப்பிழையைப் போன்றது. நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தாமதமாகத் தட்டியிருக்கலாம். திரையும் அப்படித் தாமதித்திருக்கலாம். சராசரி 4.8 மீட்டர். அந்த அளவு இடப்பக்கம் தள்ளிக் குறிவைத்தால் போதும்.

இடம் 6, வலம் 5, இடம் 1, வலம் 7, இடம் 5 என்று வந்தால்? சராசரி சுழியம், ஆனால் ஒரே ஒரு பந்துதான் இலக்கின் அருகில் விழுந்தது. இது ஒழுங்கற்ற பிழை. குறியை மாற்றிப் பயனில்லை. தட்டும் தாளம் சீராகும்வரை பழக வேண்டும். இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் ஆடுவதையும் தவிர்க்க வேண்டும்.

இவ்விரண்டு பிழைகளையும் புது மட்டை திருத்தாது. உண்மையில், அது கூட்டிவிடும். திசை 3 பாகை தவறினால், 100 மீட்டரில் பந்து சுமார் 5 மீட்டர் விலகும். 200 மீட்டரில் சுமார் 10 மீட்டர். பத்து வெள்ளியில் தூரம் கிடைக்கும். அதனுடன் இரண்டு மடங்கு விலகலும் சேர்ந்தே வரும்.

அந்த மாணவர் மறுவாரம் பத்து எண்களுடன் வந்தார். எட்டுப் பந்துகள் வலப்பக்கம், ஏறக்குறைய ஒரே அளவில். இப்போது கொஞ்சம் முன்னதாகவே தட்டப் பழகிவருகிறார், பழைய மட்டையுடன்.