ஒரு சாவி, ஒன்பது பூட்டு!

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைப் பலரும் அறிவார்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய பெரிய தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டில் அதற்கு விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள்.

அதே 1986-இல், அமெரிக்காவில் கிளிஃப் ஸ்டோல் என்ற வானியல் அறிஞர் ஒரு திருடனைத் தேடிக்கொண்டிருந்தார். பெர்க்லியில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில், கம்ப்யூட்டர் உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. மாதக்கணக்கில் துருவினார். ஜெர்மனியிலிருந்து ஓர் ஆசாமி அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள்ளே புகுந்து வருவது அம்பலமாயிற்று! பல இடங்களில் அவனுக்குக் கன்னம் வைக்கும் சிரமமே இல்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தான், கதவு திறந்தது.

பூட்டு பலவீனமாக இருந்தால் வரும் வினை இது. ஒரே சாவியைப் பல பூட்டுக்கு வைத்தால்? 2012-இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து கடவுச்சொற்கள் திருடு போயின. 2016-இல் ஃபேஸ்புக் ஸ்தாபகர் மார்க் சக்கர்பர்க்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகளைச் சிலர் கைப்பற்றினார்கள். அந்தப் பழைய திருட்டில் கிடைத்த சொல்லே இங்கும் சாவியாயிற்று என்று அவர்களே சொன்னார்கள். யானைக்கும் அடி சறுக்கும்!

இன்று மலையிலும் செல்போன் வந்துவிட்டது. உதவித்தொகையும் கூலியும் வங்கிக் கணக்கில் விழுகின்றன. ஆகவே ஜாக்கிரதை அவசியம். பெயர், பிறந்த தேதி, 123456 ஆகியவை வேண்டவே வேண்டாம். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். கணக்குக்குக் கணக்கு வேறு சொல் இருக்கட்டும். முக்கியமாக, ஈமெயிலுக்குத் தனிச் சொல் வேண்டும். அது பறிபோனால், அதன் வழியாக மற்றக் கணக்குகளின் சொற்களையும் மாற்றிவிடலாம். ஞாபகம் நிற்காதென்றால் நோட்டில் எழிதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். இரண்டாவது தாழ்ப்பாளாக, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். போனுக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கதிர் முற்றிய கொல்லைக்குப் பரண் போட்டுக் காவல் இருப்பது மலைவாசிகளுக்குப் புதிதல்ல. விளைச்சலைக் காக்கும் அதே விழிப்பு, அதை விற்று வந்த பணத்துக்கும் வேண்டாமா?