செம்பரம்பாக்கத்து மண்கரை

பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குடும்பத்தோடு சென்று, காற்று வாங்கி, சுண்டல் தின்று திரும்புகிறோம். சிறு வயதில் அந்தக் கரையை நான் ஏதோ குன்று என்றே எண்ணியிருந்தேன். அது மனிதர் கொட்டி இறுக்கிய மண் என்று அப்பா சொன்னபோது நம்பவில்லை.

கருங்கல் அணையைப் போல் மண்ணணை செங்குத்தாக நிற்காது. அடியில் மிக அகன்றும் மேலே குறுகியும், இரு பக்கமும் சரிந்தும் இருக்கும். தன் எடையாலேயே அது நீரைத் தாங்குகிறது. அலை அரிக்காதிருக்க உட்சரிவில் கல் பதிக்கிறார்கள். ஆனால் மண்கரைக்கு ஒரு பெரும்பகை உண்டு. கரைக்கு மேல் நீர் வழிந்துவிட்டால் வெளிச்சரிவு அறுபடும். சிறு பள்ளம் சில மணி நேரத்தில் பெரிய உடைப்பாகிவிடும். அதனால்தான் ஏரி நிரம்பும் முன்பே மதகைத் திறக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஏரியின் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியானால் நொடிக்கு எட்டு லட்சம் லிட்டர்! அதே வேகத்தில் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காலியாகிவிடும். வழியிலுள்ள மற்ற ஏரிகளின் நீரும் அன்று ஆற்றில் சேர்ந்தது. ஆற்றோரம் வசிக்கும் என் அத்தை வீட்டில் தரைத்தளம் மூழ்கியது. எல்லோரும் மொட்டை மாடியில் இருந்தார்களாம். அத்தையின் தையல் இயந்திரம் மூன்று நாள் சேற்றில் கிடந்தது. அது அவருடைய பிழைப்பு.

முன்னதாகவே ஏரியைக் காலி செய்து வைத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். பலரும் அன்று கேட்ட கேள்விதான். ஆனால் இதே ஏரிதான் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. 2019 கோடையில் அது வறண்டு வெடித்துக் கிடந்தது. நாமெல்லாம் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். வெள்ளத்துக்கு இடம் விட வேண்டும், கோடைக்கு நீரும் வேண்டும். ஒரே பாத்திரத்தில் இரண்டும் எப்படி? 2020 நவம்பரில் நிவர் புயலின்போது நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் முதலில் 1,000 கன அடி மட்டும் திறந்து, பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். அது நல்ல முறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆவடிப் பக்கத்துத் தோழியருக்குப் பருத்திப்பட்டு ஏரியில் நடைபாதையும் படகும் உண்டு. எனக்கென்னவோ படகில்லாத செம்பரம்பாக்கமே பிடிக்கும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் அத்தை நாளிதழில் முதலில் தேடுவது ஏரியின் நீர்மட்டத்தைத்தான். இருபத்தோரு அடி என்று போட்டிருந்தால் போதும். அன்றைக்கே தையல் இயந்திரம் மாடிக்கு ஏறிவிடும்.

— பத்தாம் வகுப்பு மாணவி