வானூர்தியின் சிக்கனமும் வலவனின் அறிவும்

ஆகாய விமானக் கம்பனிகளின் செலவுக் கணக்கிலே காற்பங்குக்கு மேல் எரிபொருளே விழுங்கிவிடும் ஆண்டுகள் பல. ஆதலால், நூற்றுக்குப் பதினைந்து வீதம் எண்ணெய் மிச்சமாகும் என்று கூறி எயார்பஸ் நிறுவனம் 2010 டிசெம்பரில் ‘ஏ320 நியோ’ விமானத்தை அறிவித்தபோது, கம்பனிகள் முண்டியடித்துக்கொண்டு முன்வந்ததில் வியப்பில்லை. நடுவே ஒற்றை நடைபாதை கொண்ட, குறுந்தூரப் பயணங்களுக்கு உகந்த விமானம் அது. 2011 ஜூலையில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் கம்பனி எயார்பஸிடம் 260 விமானங்கள் கேட்டது. முற்றிலும் புதியதொரு விமானத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த போயிங் நிறுவனம், அந்த யோசனையைக் கைவிட்டு, தன் பழைய 737 விமானத்துக்கே புதிய இயந்திரம் பூட்டத் துணிந்தது. ‘737 மக்ஸ்’ பிறந்த கதை இதுதான்.

சிக்கனத்தின் இரகசியம் இயந்திரத்தின் முன்னுள்ள விசிறியிலே இருக்கிறது. சிறிதளவு காற்றை மிக வேகமாக எறிவதிலும், மிகுந்த காற்றை நிதானமாகப் பின்தள்ளுவதற்கு எரிபொருள் குறைவாகவே செலவாகும். எனவே விசிறி பெருத்தது. 737இலே 155 சென்ரிமீற்றராக இருந்த அதன் விட்டம் 176 ஆயிற்று. ஆனால் 1967இலே முதன்முதற் பறந்த அந்த விமானமோ, சிற்றூர் நிலையங்களிலும் பொதிகளைக் கையால் ஏற்றும் வண்ணம் தரையோடு தாழ்ந்து நிற்பது. பெரிய இயந்திரத்தைச் சற்று முன்னுக்கும் மேலுக்கும் தள்ளிப் பொருத்தவேண்டியதாயிற்று. அதனால், மூக்கு மிகவும் நிமிர்ந்த நிலையில் இன்னும் நிமிர முனையும் இயல்பு விமானத்துக்கு வந்தது. அதைச் சரிக்கட்ட, விமானி ஏவாமலே மூக்கைக் கீழே தாழ்த்தும் கணினி ஏற்பாடு ஒன்றை வைத்தனர். எம்காஸ் என்பது அதன் பெயர். அது நம்பியதோ வெளியிலுள்ள ஒரேயோர் உணர்கருவியை!

சாரதியின்றித் தானே செல்லும் வான ஊர்தியைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் மறுமையில் எய்தும் பேறாகக் கண்டார். வலவன் ஆசனத்தில் இருக்கும்போதே, அவன் அறியாதபடி ஊர்தி தானே இயங்குமாயின் அதனை என்னென்று சொல்வது?

அறியாதபடி என்று நான் சொல்வது மிகையன்று. விமானிகளின் கைநூலிலே எம்காஸ் விளக்கப்படவில்லை. புதிய விமானம் பழையதினின்றும் பெரிதும் வேறானதென்றால், பாவனை விமான அறையிலே ஒவ்வொரு விமானியையும் அமர்த்திப் பயிற்றவேண்டும். ஆயிரக்கணக்கானோர் பணியிலிருந்து விலகிநிற்க, செலவோ கம்பனியின் தலையிலே விழும். அத்தகைய பயிற்சி தேவைப்படுமாயின் விமானமொன்றுக்குப் பத்து லட்சம் டொலர் வீதம் விலை குறைப்பதாகச் சவுத்வெஸ்ட் கம்பனிக்குப் போயிங் வாக்களித்திருந்தது. பழைய 737 ஓட்டியவர்களுக்குக் கணினித் திரையில் ஓரிரு மணி நேரப் பாடமே போதும் என்றாயிற்று. எண்ணெயை மிச்சம் பிடித்ததை நான் குறைகூறேன். விமானி அறியவேண்டியதிலும் மிச்சம் பிடித்தார்களே, அதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

லயன் எயார் விபத்தைப் பற்றி இந்தோனேசிய விசாரணையாளர் 2019இல் வெளியிட்ட அறிக்கையிலே, விபத்துக்கு முந்திய இரவின் கதையே என்னை அதிகம் வருத்தியது. 2018 ஒக்டோபர் 28ஆம் திகதி அதே விமானம் பாலித் தீவிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்தது. புதிதாகப் பொருத்திய உணர்கருவி பிழையாகக் காட்ட, மூக்கு மீண்டும் மீண்டும் தாழ்ந்தது. பணியிலில்லாத மூன்றாவது விமானி ஒருவரும் அன்று அறையிலே இருந்தார். வாற்சிறகை இயக்கும் மின்விசைகளை நிறுத்தி, அவர்கள் பத்திரமாக வந்திறங்கினர். ஆயினும் இறங்கியபின் எழுதிவைத்த குறிப்பிலே அந்த விசைகளைப் பற்றிய பேச்சே இல்லை. மறுநாட் காலையில் அதே விமானத்தில் ஏறிய விமானி, தாழும் மூக்கை இருபது தடவைக்கு மேல் நிமிர்த்தினார். ஒருவர் போராட, மற்றவர் கைநூலைப் புரட்டினார். பதின்மூன்று நிமிடத்தில் 189 பேரும் ஜாவாக் கடலில் மாண்டனர்.

அதன் பின்னரே, நவம்பரில், எம்காஸ் என்ற பெயர் விமானிகளின் காதில் விழுந்தது. 2019 மார்ச் 10ஆம் திகதி எதியோப்பிய விமானிகளுக்கு அது தெரிந்தேயிருந்தது, மின்விசைகளையும் நிறுத்தினர். ஆனால் அந்த வேகத்திலே சக்கரத்தைக் கையாற் சுழற்ற முடியவில்லை. மேலும் 157 உயிர்கள் போயின.

உலகெங்கும் நிறுத்திவைக்கப்பட்ட அந்த விமானத்தை அமெரிக்கா 2020 நவம்பரில் மீண்டும் பறக்கவிட்டது. இப்பொழுது எம்காஸ் இரண்டு உணர்கருவிகளை ஒப்புநோக்கும். எந்தப் பயிற்சியைத் தவிர்க்க அவ்வளவு பாடுபட்டார்களோ, அந்தப் பயிற்சிக்காகப் பாவனை அறைகளிலே விமானிகள் ஒவ்வொருவராகச் சென்று அமர்ந்தனர்.