கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு!

ராயபுரத்துப் பாட்டிமார் வாயில் இன்னமும் அது 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'தான். பஞ்சத்தில் தவித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி 1799-ல் முளைத்த வைத்தியசாலை, இன்றைக்குப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனையாக நிற்கிறது. அங்கே மணிக்கட்டில் ஊசி குத்தி இதயம் வரைக்கும் குழாய் விடுகிறார்கள். கஞ்சி குடித்தவர்களிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

அதற்கான அறைதான் கேத் லேப்! கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே எக்ஸ்ரே ஓடுகிறது. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஓடிவந்த குடும்பங்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்க, உள்ளே என்னதான் நடக்கிறது? வாங்க, எட்டிப் பார்ப்போம்.

ஏசி ஜில்லென்று இருக்கும். ஆனாலும் டாக்டரின் முதுகு நனைந்திருக்கும். கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றால் வேர்க்காதா? நோயாளி பெரும்பாலும் முழித்தேதான் படுத்திருப்பார். மரத்துப்போகும் ஊசி, குழாய் நுழையும் இடத்துக்கு மட்டும். குழாய் வழியே சாயத்தைச் செலுத்தியதும் திரையில் இதயத்தின் ரத்தக் குழாய்கள் வேர்போலக் கிளைவிட்டு, பளிச்சென்று தெரிந்து மறையும். எந்தக் கிளை பாதியில் நிற்கிறதோ, அங்கே அடைப்பு. அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத கம்பியை அதற்குள் நுழைத்து, அதன்மேல் பலூனை ஓட்டி, ஊதி, ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை விரித்து... அடடா, நின்ற ரத்தம் மறுபடி பாய்வது அந்தத் திரையிலேயே தெரிகிறது!

இந்தக் கை பழக எத்தனை வருஷம் தெரியுமா? எம்.பி.பி.எஸ்., பயிற்சிக் காலத்தோடு 5½. எம்.டி. 3. பிறகு இன்னொரு நுழைவுத் தேர்வு எழுதி, இதயத்துக்கென்றே டி.எம். 3. எங்கேயும் தடங்கல் இல்லாமல் போனாலே 11½ வருஷம்! அந்த டி.எம்.மை ஸ்டான்லியிலேயே படிக்கலாம். போர்டில் பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து இருந்தாலும் நான் முதலில் தேடுவது டி.எம். என்ற இந்த இரண்டைத்தான். எஃப்.ஏ.சி.சி. மாதிரியானவை சங்கங்கள் தரும் கௌரவம். பெருமைதான், படிப்புக்கு ஈடாகாது. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்கிற சர்ஜன் வேறு ஆள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் நடந்ததும் நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். 1975, டாக்டர் கே.எம்.செரியன்!

குழாய் விடும் வித்தையின் வம்சாவளி இன்னும் சுவை. 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் இளம் டாக்டர் தன் கை ரத்தக் குழாய் வழியே தன் இதயத்துக்கே குழாயை ஏற்றிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார்! அன்றைக்குத் திட்டு, 1956-ல் நோபல். ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் குழாய் செய்து பழகி, 1977-ல் சூரிக்கில் இதயத்தின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியை, அதாவது பலூனால் அடைப்பை விரிக்கும் சிகிச்சையைச் செய்தார். அவரிடமே பயிற்சி பெற்றவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். கோட்டயத்தில் எம்.பி.பி.எஸ்., மேல்படிப்பு நம்ம சென்னையில். 1986-ல் இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியை அப்போலோவில் செய்தார். நாடு முழுக்க நடக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிகளுக்கு ஒரு பதிவேட்டையும் தொடங்கினார். அந்தக் கணக்கு எழுதிய வேலைதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. 2000-ல் பத்மஸ்ரீ. 2025 ஏப்ரலில் காலமானார்.

உங்கள் டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், தப்பே இல்லை. ஆனால் அதற்கான நேரம் உடம்பு நன்றாக இருக்கும்போது. நெஞ்சில் கல்லை வைத்தமாதிரி அழுத்தி, இடது கைக்கு வலி இறங்கி, வேர்த்துக் கொட்டினால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.