குருதியில் ஒரு நொதியம்: மருந்து நஞ்சாகும் வேளை

மலேரியாக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்த ஒருவருக்குப் பிறிமாக்குயின் எனும் குளிசையைக் கொடுப்பதற்கு முன்னர் வைத்தியர் ஒரு குருதிப் பரிசோதனையைக் கேட்பதுண்டு. எம்மவரிற் சிலர் இதனை வீண் அலைச்சல் எனக் கருதுகின்றனர். அது வீணன்று.

கலங்களில் நிகழும் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் புரதங்களே நொதியங்கள். மாப்பொருட் கரைசலில் உமிழ்நீரைக் கலந்து, அயடீன் விட்டு நிறம் பார்த்த பள்ளிக்கூடப் பரிசோதனையைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஜி6பிடி எனும் நொதியம். குளுக்கோசு-6-பொசுபேற்று டீஹைட்ரோஜினேஸ் என்பது அதன் முழுப்பெயர்.

515 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலியே இதன் ஓர் அலகு. தாக்கம் நிகழும் இடம் ஒவ்வோர் அலகிலும் உண்டெனினும், தனித்து நிற்கும் அலகு தொழிற்படாது. இரண்டு ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். சிலவேளை நான்கும் சேரும். அவை பொருந்தும் முகத்தின் அருகே நேரும் பிழைகளே பெரும்பாலும் கடுமையான நோயைத் தருகின்றன. மத்தியதரைக் கடல் நாடுகளில் பரவலாகவுள்ள வகையில், 188ஆம் இடத்தில் செரீனுக்குப் பதிலாகப் பினைல்அலனீன் அமர்ந்திருக்கிறது. மாற்றம் அவ்வளவுதான்.

செங்குருதிக் கலத்துக்கு இந்நொதியமே காவல். ஒட்சியேற்றும் பொருள்களால் ஈமோகுளோபின் சிதையாதிருக்க வேண்டிய வலுவை அதுவே உண்டாக்குகின்றது. ஏனைய கலங்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. செங்குருதிக் கலத்துக்கு இல்லை. கருவும் இல்லாமையால், ஏறத்தாழ 120 நாள் வாழும் அக்கலம் பிறந்தபோது பெற்ற நொதியத்தைக் கொண்டே காலந்தள்ளவேண்டும். ஆதலால் முதலில் உடைபவை முதிய கலங்களே.

இக்குறைபாடு கண்டறியப்பட்ட கதை மனதை உறுத்துவது. அமெரிக்காவின் இலினோய் மாநிலச் சிறையொன்றில் கைதிகளுக்கு மலேரியா மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தபோதே சிலரது குருதிக் கலங்கள் உடைந்தமை தெரியவந்தது. நொதியக் குறைபாடே காரணம் என்பதைச் சிக்காகோ ஆய்வாளர்கள் 1956இல் வெளியிட்டனர். சிறைப்பட்டவன் தந்த சம்மதம் எத்தகைய சம்மதம் என்ற வினா இன்றும் எழுகின்றது.

மலேரியா நெடுங்காலம் நிலவிய நிலங்களிலேயே இக்குறைபாடு மிகுதி. 1934-35 கொள்ளைநோயைக் கண்ட இலங்கையும் அத்தகைய நிலமே. மலேரியா ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனம் அதனை 2016இல் அறிவித்தது. நோய் நீங்கினாலும் பரம்பரை அலகு எம்மோடு கடல் கடந்து வரக்கூடும். அது எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளமையால் ஆண்பிள்ளைகளையே கூடுதலாகத் தாக்கும்; தாய் நலமாயிருந்தும் மகனுக்குக் கொடுக்கலாம்.

குறைபாடுள்ளோர் பலர் வாழ்நாள் முழுதும் எதுவும் அறியாமலே இருப்பர். பிறிமாக்குயின், தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், துணிப்பெட்டியில் இடும் நப்தலீன் உருண்டை, பாவா எனும் அவரை ஆகியன அவர்களுக்கு ஆபத்தானவை. அரபு, துருக்கிக் கடைகளில் விற்கும் அந்தப் பாவா, நாம் கறி சமைக்கும் அவரையன்று. பரசிற்றமோலை வழமையான அளவில் எடுப்பதற்கு அஞ்சவேண்டியதில்லை. மருந்தோ அவரையோ உட்கொண்டு ஓரிரு நாளில் சிறுநீர் வெறுந்தேநீர் போலக் கறுத்து, கண் மஞ்சளாகி, உடல் வெளிறிச் சோர்ந்தால் உடனே வைத்தியசாலை செல்லவேண்டும். பிறந்த குழந்தைக்குச் செங்கமாரி கடுமையாயின், குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறைபாடு இருந்தால் அதனைத் தாதியிடம் கூறத் தவறலாகாது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். கலங்கள் உடைந்த கையோடு பரிசோதித்தால், எஞ்சிய இளங்கலங்களில் நொதியம் போதியளவு இருப்பதால் குறைபாடில்லை எனப் பிழையாக வரலாம். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மீளவும் பரிசோதிக்குமாறு வைத்தியரிடம் கேளுங்கள்.